பிசானப் பருவத்தில் ஒரு கால்வாய்க்கரை நடை

திருநெல்வேலிச் சீமைக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் குற்றாலத்திலோ பாபநாசத்திலோ ஒரு குளியல் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் நெல்லைச் சந்திப்பில் அல்வா வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். அருவியையும் அல்வாவையும் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் மலையடிவாரத்துக்கும் நகரத்துக்கும் இடையே, பேருந்துச் சன்னலில் ஒரு தூக்கத்துக்குள் ஓடி மறைந்துவிடுகிற அந்தப் பச்சைப் பரப்பில்தான் இந்த மாவட்டத்தின் ருசி முழுவதும் விளைகிறது என்பது என் கட்சி. அதைக் காலால் நடந்து பார்த்தவருக்கு, அன்று மத்தியானம் இலையில் விழும் சோறும் பொரியலும் எங்கிருந்து வந்தன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் நடையையும் சாப்பாட்டையும் பிரித்து அனுபவிக்க முடியாது. ஒரே கால்வாயின் தண்ணீர்தான் இரண்டையும் நடத்துகிறது.

இதற்கு ஏற்ற காலம் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி பிறக்கும் வரையிலான நாட்கள். தாமிரபரணி இரண்டு பருவமழையாலும் நீர் பெறும் ஆறு. பொதிகை மலையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றைத் தென்மேற்குப் பருவமழை கார் சாகுபடிக்கும், வடகிழக்குப் பருவமழை பிசான சாகுபடிக்கும் நிறைத்துக் கொடுக்கிறது. தை மாதத்தில் மழை ஓய்ந்து, அணைகளில் தண்ணீர் நின்று, பிசான நெல் கதிர் வாங்கும் பருவத்தில் இருக்கும். பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. இந்த எண்களை இங்குள்ள விவசாயிகள் தங்கள் பிள்ளைகளின் பிறந்த தேதியைவிட உறுதியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அரசியல் பேச்சு தொடங்குவதற்கு முன்பே தேநீர்க் கடையில் எழும் கேள்வி, "பாவநாசம் இன்னைக்கு எத்தன அடி கெடக்கு?" என்பதுதான்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது ஆங்கிலேயர் காலத்தில் கட்டப்பட்டது. மற்றவை அதற்கும் முந்தியவை. நான் நடப்பதற்கு மிகவும் விரும்புவது மூன்றாவது அணைக்கட்டிலிருந்து பிரியும் கன்னடியன் கால்வாயின் கரையில். கல்லிடைக்குறிச்சி, வெள்ளங்குளி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஊர் ஊராக உரசிக்கொண்டு போகும் இந்தக் கால்வாயை நம்பி ஏறத்தாழ 12,500 ஏக்கர் நஞ்சை இருக்கிறது.

கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், அகத்தியர் சொற்படி ஒரு பசுவை முன்னே நடக்கவிட்டு, அது போன வழியெல்லாம் கால்வாய் வெட்டி, அது படுத்த இடங்களில் குளம் எடுத்தார் என்பது இந்தக் கால்வாயைப் பற்றிய கதை. இளம்வயதில் இதைக் கேட்டபோது சிரித்திருக்கிறேன். கரையில் நடக்கத் தொடங்கிய பிறகு, கதையில் நல்ல பொறியியல் இருக்கிறது என்று தோன்றுகிறது. மேய்ச்சல் மாடு மேட்டில் ஏறுவதையும் சரிவில் இறங்குவதையும் கூடியவரை தவிர்த்து, ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து போகும். அதுவே கால்வாய்க்கும் ஏற்ற பாதை. கன்னடியன் கரையில் எத்தனை தூரம் நடந்தாலும் மூச்சு வாங்குவதில்லை. மேடும் பள்ளமும் தெரியாத இறக்கம் அது. வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் தயங்காமல் கூட்டிப் போகலாம். நேர்வழியில் போய்ப் பழகியவருக்கு மட்டும் அதன் வளைவுகள் எரிச்சலூட்டக்கூடும். எதிரே தெரியும் கோயில் கோபுரம் அரை மணி நேரமாக அதே தூரத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

நடையைக் கல்லிடைக்குறிச்சியில் தொடங்குவது நல்லது. நெல்லையிலிருந்து செங்கோட்டை போகும் காலை ரயிலில் வரலாம். அல்லது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அம்பாசமுத்திரத்தில் முந்தின இரவே தங்கிக்கொள்ளலாம். எப்படி வந்தாலும் முதல் வேலை இட்லி.

இந்த இட்லியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் 1937-ஆம் ஆண்டு முதல் ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. அங்கிருந்து வெளிவந்த நெல் ரகங்கள் எல்லாவற்றுக்கும் 'அம்பை' என்ற முன்னொட்டு உண்டு. அவற்றில் 1986-இல் வெளியான அம்பை 16 குட்டையான, பருத்த அரிசி தரும் ரகம். பொன்னியின் மெல்லிய சோற்றுக்குப் பழகிய நகரத்தார் இதைச் சோறாகப் பெரும்பாலும் சீந்துவதில்லை. ஆனால் புழுங்கலாக்கி உளுந்தோடு ஆட்டினால் இதற்கு நிகராக எழும்பும் அரிசி குறைவு. சென்னையில் 'இட்லி அரிசி' என்று பொட்டலம் கட்டி விற்பதில் கணிசமான பங்கு இந்த அரிசிதான். அப்படிப்பட்ட அரிசியை, அது முளைத்த வயலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து ஆட்டிய மாவில் வார்த்துத் தருகிறார்கள். ஓட்டுவீட்டுத் திண்ணையை ஒட்டிய சிறிய கடைகளில், ஈரத்துணியில் அவித்து, துணியோடு கவிழ்த்து, தண்ணீர் தெளித்து எடுத்துப் போடுகிற இட்லியில் துணியின் நெசவுத்தடம் பதிந்திருக்கும். சாம்பாரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எள் சேர்த்து இடித்த மிளகாய்ப்பொடியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, முதல் இரண்டு இட்லியை அதோடு மட்டும் சாப்பிட வேண்டும். தேங்காய்ச் சட்டினி மூன்றாவது இட்லிக்கு. நான்காவதற்கு மேல் போனால் நடை கெடும் என்பது தெரிந்தும், "இன்னும் ரெண்டு வைக்கட்டா அண்ணாச்சி?" என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்வது கடினம்.

கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் அப்பளம் இடும் வீடுகளைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது. உளுத்தம் மாவில் பெருங்காயமும் அப்பளக்காரமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, எண்ணெய் தொட்டு உலக்கையால் இடித்து, உருட்டித் தேய்த்து, இளவெயிலில் காயவைக்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் ரகசியம் என்று ஊரார் சொல்வார்கள். தண்ணீருக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் மாவு கையில் ஒட்டாமல் இழுபடும் பதம் வரும்வரை சலிக்காமல் இடிக்கிற தோள்களுக்கே பெரும்பங்கு என்று நான் நினைக்கிறேன். அந்தத் தோள்கள் பெண்களுடையவை. கூலியோ எண்ணிக்கைக் கணக்கில். இதே ஊரின் குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்திலிருந்து மீட்கப்பட்டு 2019-இல் ஊர் திரும்பினார். அப்பளத்தைப் பற்றி எழுதும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கோயிலை வலம்வந்துதான் நான் கால்வாய்க்கு இறங்குவது வழக்கம். சொல்லாமல் போக மனம் வரவில்லை.

கால்வாயின் இரு கரைகளிலும் பாதை உண்டு என்றாலும், வயலைப் பார்த்த கரையில் நடப்பதே சிறப்பு. காலை ஏழு மணிக்குப் பனி வரப்புப் புல்லில் கனமாக நிற்கும், செருப்பு நனையும், ஈரத்தில் பாம்பு கிடக்கலாம் என்பதால் புல் அடர்ந்த இடத்தில் காலைத் தட்டி வைத்து நடக்க வேண்டும். மேற்கே திரும்பினால் பொதிகைத் தொடர் முழுவதும் நீலமாக நிற்கும். அகத்தியமலை 1,868 மீட்டர் உயரம். பனிமூட்டமில்லாத நாளில் அதன் கூம்பு தனியாகத் தெரியும். வெயில் ஏற ஏற மலை மங்கிவிடும் என்பதால், அதைப் பார்க்க வேண்டியவர்கள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்கடி நின்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, தை மாதத்தில் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நடந்தால்தான் எதையும் பார்க்காமலிருக்க முடியும். உழுது நீர் கட்டிய வயலில் வெள்ளை அரிவாள் மூக்கன்கள் வரிசைகட்டிக் குத்திக்கொண்டு போகும். அவற்றைவிடச் சிறியதும் கருமையில் செம்பு மினுங்குவதுமான அன்றில் அரிவாள் மூக்கன்கள் தனிக்கூட்டமாக நிற்கும். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். நத்தையைப் பிடித்து வழித்து உண்ணுவதற்கு ஏற்ற அமைப்பு அது. மின்கம்பியில் பஞ்சுருட்டானும் பனங்காடையும், கால்வாயின் மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று சட்டென்று விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும், பனையைச் சுற்றிப் பறந்துகொண்டே இருக்கும் பனை உழவாரன்களும் இந்தக் கரையின் நிரந்தரக் குடிகள். வாலாட்டிகளும் தகைவிலான்களும் குளிர்காலத்துக்கு மட்டும் வந்து போகிறவை. மாலையில் சூறைக்குருவிகள் ஆயிரக்கணக்கில் எழுந்து புரண்டு திரும்புவதைப் பார்க்க வேண்டுமென்றால் நடையை மாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு இட்லியை விட மனமில்லை.

மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் ஆண்டுதோறும் தை மாதவாக்கில் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் தொலைநோக்கியோடு குளத்தங்கரைகளில் நிற்பதை அப்போது காணலாம். பறவை பார்க்கத் தெரியாதவர்கள் அவர்களோடு ஒரு காலை சேர்ந்துகொண்டால், கொக்கு என்று ஒரே பெயரில் அழைத்துவந்த வெள்ளைப் பறவைகளில் நான்கைந்து வகை இருப்பதைக் கற்றுக்கொள்ளலாம். இந்தக் குளங்கள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை என்பதை மறக்கக் கூடாது. நெல்லுக்காகத் தேக்கிய தண்ணீரில் மீன் வளர, மீனுக்காகப் பறவை வர, பறவையின் எச்சம் மறுபடி வயலுக்குப் போகிறது. நெல் விவசாயம் கைவிடப்பட்டால் இந்தப் பறவைகளுக்கும் இங்கே வேலை இல்லை.

ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் மருதமரங்கள் நிற்கின்றன. வழவழப்பான வெளுத்த அடிமரம், தண்ணீருக்குள்ளேயே இறங்கிக் கரையைப் பிடித்துவைத்திருக்கும் வேர், கோடையிலும் குறையாத நிழல் என்று மருதத்துக்கு எல்லாச் சிறப்பும் உண்டு. நெல்லையிலிருந்து தென்காசி போகும் சாலையை நான்கு வழியாக்கியபோது பழைய நிழல் மரங்கள் பல வீழ்ந்தன. அதற்குப் பிறகு சாலையில் நடப்பது தண்டனையாகிவிட்டது; கால்வாய்க் கரைக்கு நான் ஒதுங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளங்குளி வந்தவுடன் தேநீர்க் கடையில் உட்காரலாம். இந்தப் பக்கத்துக் கடைகளில் உளுந்து வடையை 'உழுந்த வடை' என்பார்கள். பத்து மணிக்குள் தீர்ந்துவிடும். சுக்குக் காப்பி கிடைத்தால் பனியில் நனைந்த காலுக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை. கருப்பட்டியின் கரிப்பும் சுக்கின் காரமும் ஒன்றையொன்று அடக்காமல் நிற்க வேண்டும்; சர்க்கரை போட்டுச் சுக்குப்பொடி தூவியதைச் சுக்குக் காப்பி என்று விற்கிறவர்களை நான் ஏற்பதில்லை.

வீரவநல்லூரை நெருங்கும்போது சந்தைக்குப் போகும் சாக்கு மூட்டைகளில் மண் ஒட்டிய சிறுகிழங்கைப் பார்க்கலாம். இந்த நடையின் உண்மையான நாயகன் அதுதான். விரல் நுனி அளவிலிருந்து எலுமிச்சை அளவுவரை, கறுத்த மெல்லிய தோலும் வெளிர்ந்த உட்புறமுமாக இருக்கும் சிறுகிழங்கு, கடையம், பாவூர்ச்சத்திரம், அம்பாசமுத்திரம் சுற்றுவட்டாரத்தில் ஆடி ஆவணிக்குப் பிறகு கொடி நட்டு, மார்கழி தையில் தோண்டி எடுக்கப்படுவது. மலையாளிகள் கூர்க்க என்று இதற்கு உயிரை விடுவார்கள். மதுரைக்கு வடக்கே இதைத் தெரிந்தவர்கள் குறைவு. பொங்கலன்று சூரியனுக்குப் படைக்கும் கிழங்கு வரிசையில் சேம்பு, கருணை, பிடிகிழங்கு, பனங்கிழங்கு ஆகியவற்றோடு இதுவும் இருந்தாக வேண்டும்.

சிறுகிழங்கின் சிக்கல் அதன் தோலில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சுரண்டினால் கால் கிலோ முடிவதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிடும். அந்தக் கறை இரண்டு நாளைக்குப் போகாது. அதனால் கிழங்கை நீரில் ஊறவைத்து, கோணிச் சாக்கில் கட்டி, திண்ணைத் தரையில் அடித்துத் தேய்ப்பார்கள். சாக்கின் சொரசொரப்பில் தோல் உரிந்து, அலசி எடுத்தால் பாதிக்கு மேல் வெளுத்திருக்கும். மிச்சத்தைக் கத்தியால் ஒப்பேற்றிவிடலாம். முழுவதும் சுத்தமாக வெளுப்பது நல்ல அறிகுறி அல்ல. ஓரிரண்டு இடத்தில் தோல் ஒட்டியிருந்தால்தான் அதன் மண்வாசம் பொரியலில் நிற்கும். வேகவைத்து, சின்ன வெங்காயமும் வற்றல் மிளகாயும் தாளித்து, ஓரம் சிவக்கும்வரை தேங்காய் எண்ணெயில் பிரட்டி, இறக்கும்போது ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ தூவுவது ஒரு முறை. புளிக்குழம்பில் போடுவது இன்னொரு முறை. குழம்பைவிடப் பொரியலுக்கே என் வாக்கு. உருளைக்கிழங்கைப்போல் வாயில் கரைந்துவிடாமல், பல்லுக்குச் சற்று வேலை வைத்து, கடைசியில் லேசான இனிப்போடு முடிகிற கிழங்கு இது.

வீரவநல்லூரில் சௌராஷ்டிர நெசவாளர்கள் வாழும் தெருக்களைத் தாண்டி, என் நண்பரின் அத்தை வீடு. வாசலில் தலை தெரிந்தவுடன், "வாங்கய்யா, காலு கையி கழுவிட்டு ஒக்காருங்க, எல போட்டாச்சு" என்பார். நடந்து வந்தவர்களிடம் நலம் விசாரிப்பதெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். அன்றைக்கு உளுந்தஞ்சோறு. தொலி உளுந்தை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு வெந்தயம், சீரகம், உரித்த பூண்டு, தேங்காய்த் துருவல் எல்லாம் சேர்த்து ஒரே பானையில் பொங்கியெடுப்பது. கறுப்புத் தோலின் சாயம் ஏறிச் சோறு சாம்பல் நிறமாக இருக்கும். பார்வைக்கு எடுபடாத பண்டம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். நெல் அறுத்த தரிசின் ஈரத்தில் உளுந்து விதைத்துக்கொள்வது ஆற்றுப்பாசன ஊர்களின் பழைய வழக்கம். ஆகவே நெல்லும் உளுந்தும் ஒரே வயலில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றவை, பானையில் ஒன்றாகச் சேர்கின்றன. எள்ளும் தேங்காயும் அதே தோட்டங்களிலிருந்து வந்தவை. பக்கத்தில் அவியலும், சிறுகிழங்குப் பொரியலும், கல்லிடைக்குறிச்சி அப்பளமும். காலை முழுதும் நான் கரையில் கண்டவை ஒவ்வொன்றாக இலைக்கு வந்து சேர்ந்திருந்தன. உளுந்தும் பூண்டும் நடந்து களைத்த இடுப்புக்கு நல்லது என்று அத்தை மூன்றாவது கரண்டியை நியாயப்படுத்தினார். பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்தச் சோற்றைக் கட்டாயமாகக் கொடுத்துவந்த மண் இது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்கள் அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ சைவ உணவகங்களில் சாப்பிடலாம், குறையிருக்காது. ஆனால் உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, சொதி ஆகிய மூன்றையும் உணவகத்தில் தேடுவது பெரும்பாலும் வீண். தேங்காயை மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் மற்றக் காய்களும் சேர்த்து வைக்கும் சொதிக்கு, இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் துணை. நெல்லைச் சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் பரிமாறுவது அது. மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்குகிற பக்குவம் உணவக அடுப்பின் அவசரத்துக்கு ஒத்துவராது. சொதி வேண்டுமென்றால் நெல்லையில் ஒரு நண்பரைச் சம்பாதித்து, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டாம் நாளும் தங்க வேண்டும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் திண்ணையில் கிடந்த பிறகு, வடக்கே ஆற்றை நோக்கித் திருப்புடைமருதூருக்குப் போகலாம். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம் அது. வெயில் தாழ்ந்தபின் நடந்தாலும் சரி, சிற்றுந்தில் போனாலும் சரி, சூரியன் இறங்குவதற்குள் போய்ச்சேர வேண்டும். கோயிலைச் சுற்றி நிற்கும் மருதத்திலும் இலுப்பையிலும் சங்குவளை நாரைகளும் கொக்குகளும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர்க்காரர்களே இவற்றைக் காத்துவந்ததை ஏற்று, தமிழக அரசு 2005-இல் இந்த 2.84 ஹெக்டேர் பரப்பைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. வேடந்தாங்கலைப்போல் ஏரியும் காவல்கோபுரமும் நுழைவுச்சீட்டும் கொண்ட இடம் அல்ல. தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருக்க, தலைக்கு மேலே, வால்பக்கம் இளஞ்சிவப்புத் தூவிய ஆளுயரத்தில் பாதியான நாரைகள் சுள்ளி சுமந்து வந்து இறங்கும். ஓட்டிலும் வாசலிலும் எச்சம் விழும், மீன்வாடை உண்டு, ஊரார் முகம் சுளிப்பதில்லை. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்துப் பராமரிப்பதும், வேட்டு வெடிக்காமலிருப்பதும் அங்கே இயல்பான காரியங்கள். நாரைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறும், இறங்கும். மழையும் குளத்து மீனும் அதை முடிவு செய்கின்றன.

அந்தக் கோயிலின் நாறும்பூநாதர் லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஆற்றில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்ட கருவூர்ச் சித்தர் உரக்கக் கூப்பிட, அதைக் கேட்பதற்காகச் சுவாமி செவி சாய்த்தார் என்பது தலக்கதை. ராஜகோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி கிடைக்கிற நாளில் போனால், இருண்ட படிகளில் கைவிளக்கோடு ஒன்றிரண்டு மணி நேரம் செலவிடலாம்; அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இத்தனை அழகையும் எழுதிவிட்டு ஆற்றின் இன்றைய நிலையை விழுங்கிவிடுவது நேர்மையாகாது. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விட்டுப்போகும் துணிகள் டன் கணக்கில் அள்ளப்படுகின்றன. உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பாவம் போகும் என்று நம்புகிறவர், அதே தண்ணீரைக் கீழே இத்தனை ஊர்கள் குடிக்கின்றன என்பதை நினைப்பதில்லை. கீழ்ப்பகுதியில், நகரத்துக்குள் நுழையும் பாளையங்கால்வாயில் சாக்கடை கலக்கிறது. அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியாத இடங்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி இரு கரையும் மீறிப் போனபோது, வயல்களின் மேல் மணல் படிந்தது. கால்வாய்க் கரைகள் பல இடங்களில் உடைந்தன. இப்போது கரையில் சில இடங்களில் மண் புதிதாகவும் புல் இளசாகவும் இருப்பது அந்த உடைப்புகளை அடைத்த தடம். நடப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: நெகிழிப் போத்தலைக் கரையில் வீசாதிருப்பது, கதிர் விட்ட வயலின் வரப்பில் படம் எடுப்பதற்காகக் கூட்டமாக ஏறி மிதிக்காதிருப்பது, மடையைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வது.

பிசானத்துக்காகத் திறந்த தண்ணீர் வழக்கமாக மார்ச் இறுதியோடு நிறுத்தப்படும். அறுப்பு முடிந்த சித்திரை வைகாசியில் கால்வாய் வறண்டு கிடக்கும்போது இந்தக் கரையில் நடக்க நான் யாரையும் அழைப்பதில்லை. அந்த மாதங்களில் பதநீரும் நுங்கும் தேடிக் கிழக்கே உடன்குடிப் பக்கத்துப் பனங்காடுகளுக்குப் போவதுதான் முறை. அது வேறு மண், வேறு நடை, குடிக்கும் நேரமும் விடியலுக்குள் முடிந்துவிடும். ஆனி பிறந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டபின், சாரல் காற்றோடு நடவு நடக்கும் வயல்களைப் பார்க்க மறுபடி கன்னடியனுக்கு வரலாம். அப்போது சிறுகிழங்கு கிடைக்காது, நாரைகள் கிளம்பியிருக்கும். அதற்குப் பதிலாகக் குற்றாலத்துச் சாரலின் ஓரம் இங்கேயும் விழும், சூடான வடைக்கு ருசி கூடும். குடை ஒன்று கைவசம் வேண்டும்.

அல்வாவைப் பற்றி ஒரு வார்த்தை. நடைக்கு முன்பும் நடுவிலும் அதைத் தொடக் கூடாது. நெய் வயிற்றில் உட்கார்ந்துகொண்டு நடக்கவிடாது. மாலை ரயிலில் நெல்லைக்குத் திரும்பி, கடைவாசலில் நின்றபடி வாழையிலைத் துண்டில் சுடச்சுட ஐம்பது கிராம் வாங்கிச் சாப்பிட்டு, கை துடைத்த கையோடு ஒரு பிடி காராச்சேவும் போட்டுக்கொண்டால் போதும். வீட்டுக்கு வாங்கிப்போக அப்பளக் கட்டும், சந்தையில் கிடைத்தால் இரண்டு கிலோ சிறுகிழங்கும் நல்ல தேர்வு. கிழங்கைத் தோலோடும் மண்ணோடும் வாங்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். கோணிச் சாக்கு ஒன்றையும் கடைக்காரரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.